பக்க இணைப்பு

மலைக்கோட்டைக் கடைத்தெருவில் சீரியல் லைட் பழுதுபார்க்கும் கடையில் ஒயர் கருகும் வாசனை எழுந்தால், இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் ஸ்ரீரங்கம் பள்ளியின் ஆய்வகம், அமிலக் கறை படிந்த மேசையும் துருப்பிடித்த கிளிப்புகளுமாகத் திரும்பி வந்துவிடும். அங்கே ஒருத்தி பேசினால் அந்த பெஞ்சே எழுந்து நிற்க வேண்டும். எங்கள் நால்வரில் பேசுகிறவள் பாத்திமா.

அன்று டீச்சர் மூன்று பல்புகளைத் தொடராக இணைத்து, ஒன்றைக் கழற்றினார், எல்லாமே அணைந்தன. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி வழி கொடுத்துப் பக்க இணைப்பாக்கி, ஒன்றைக் கழற்றினார். மற்ற இரண்டும் அசராமல் எரிந்தன.

"ஹை!" என்றாள் பாத்திமா.

"அந்த பெஞ்சு, எழுந்திரு!"

நின்றோம்.

"பேசினது நான்தான் டீச்சர். இவங்க என்ன பண்ணாங்க? எங்களையும் பக்க இணைப்புல போடுங்க."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"வாயப் பாரு! சரி, நீ மட்டும் நில்லு. மத்தவங்க உக்காருங்க."

முதல்முறையாக விதி உடைந்தது. உட்கார்ந்தோம். பாத்திமா தனியாக நின்றாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, மூவரும் எழுந்துவிட்டோம்.

"உங்கள யாருடி எழுந்திருக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர்."