திறப்புள்ள பெட்டி

அந்தப் பெட்டியை நான் இன்னும் எறியேல்லை. லண்டனில, இல்ஃபோர்ட் வீட்டில, படிக்குக் கீழ, தூசு இழுக்கிற ஹூவர் வைக்கிற மூலையில கிடக்குது. "உந்தத் தகரத்தை ஏன் கட்டிக்கொண்டு மாரடிக்கிறியள்?" எண்டு மனுசி வருஷத்தில ரெண்டு தரமாவது கேப்பா. உள்ளுக்குள்ள ஒண்டுமில்லை. மதர்போர்ட், டிஸ்க் எல்லாம் எப்பவோ கழட்டியாச்சு. வெறும் கொம்பியூட்டர் கேஸ். வெள்ளையாய் இருந்தது பழுத்து மஞ்சளாய்ப் போச்சுது. முன்னுக்கு ஒரு பூட்டு இருக்குது. அதைத் திறக்க ரெண்டு சின்னத் திறப்பு, ரெண்டும் என்னட்டத்தான் இருக்குது. அதைப் பற்றித்தான் சொல்லப்போறன்.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. அப்ப நான் பிளேஸ்டோவில இருந்தனான். மூண்டு அறை வீடு, ஏழு ஆம்பிளையள், எல்லாரும் யாழ்ப்பாணம். வெளியில ஆரும் பாத்தால் ஒற்றுமையாய் இருக்கிறம் எண்டுதான் நினைப்பினம். உள்ளுக்கு வந்து பாக்கவேணும் கூத்தை! குசினி அலுமாரியில ஆறு ஆமைப்பூட்டு. ரெலிபோனுக்குப் பூட்டு. ஒருத்தர் தன்ர அரிசி வாளிக்குக்கூட சங்கிலி போட்டு வச்சிருந்தவர். என்னை மட்டும் யோக்கியன் எண்டு நினைக்காதேங்கோ. என்ர பேரில இருந்த ரெலிபோனில ஆரோ கனடாவுக்கு மணிக்கணக்காய்க் கதைச்சுப்போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறிப் போனான். அண்டைக்குப் பிடிச்ச பூட்டுப் பைத்தியம். சவர்க்காரப் பெட்டியைக்கூட பூட்டி வைக்கிற அளவுக்கு வந்திட்டன்.

என்ர அறையில என்னோட இன்னொருத்தர் இருந்தவர். என்னை விட இருபது வயசு கூட. நான் அண்ணை எண்டுதான் கூப்பிடுறனான். ஊரில கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, கிளாக்கராய் இருந்தவராம். இஞ்ச ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினவர். மனுசியும் ரெண்டு பிள்ளையளும் ஊரில. அந்த நேரம் சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் எல்லாம் வெளிக்கிட்டு, அவையளும் வன்னிப் பக்கம் ஆரின்ரையோ வீட்டுக் கொட்டிலில இருந்தவை. மாசக்கணக்காய்க் கடிதம் வராது. வந்தால் அதை மடிச்சு மடிச்சு, கிழியிற மட்டும் வச்சு வாசிப்பார். அவரோட நான் பெரிசாய்க் கதைச்சது இல்லை. நான் போக அவர் வருவார், அவர் வர நான் போவன். ஷிப்ட் அப்பிடி.

எனக்கு அப்ப ஒரே ஒரு வெறி. பகலில பெற்றோல் ஸ்ரேசனில நிண்டு காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, பின்னேரத்தில கொலிச்சில கொம்பியூட்டர் படிச்சனான். கொலிச் மெசினில இடம் பிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். சரி, சாமான் சேர்த்து எனக்கெண்டு ஒரு மெசின் பூட்டுவம் எண்டு வெளிக்கிட்டன். கடையில புதுசு வாங்க என்னால ஏலாது. வகுப்பில ஒருத்தன் பழைய மதர்போர்ட் தந்தான், டிஸ்க் இன்னொருத்தன். மொனிற்றர் கண்ணைக் குத்துற பச்சை நிறத்தில ஒண்டு கிடைச்சுது. மிஞ்சினது கேஸ்தான். சாமான் எல்லாம் கட்டிலுக்குக் கீழ சப்பாத்துப் பெட்டியில கிடந்து தூசு பிடிச்சது.

சனிக்கிழமையளில மண்டபங்களில கொம்பியூட்டர் சந்தை நடக்கும். நான் வெளிக்கிட, அண்ணைக்கும் அண்டைக்கு லீவு. "பாரமாய் இருக்குமே தம்பி, நானும் வாறன்" எண்டார். வரவேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை.

சந்தை முழுக்க ஈரக் கோட்டு மணம். மழை. மேசை மேசையாய்க் கேஸ் அடுக்கியிருந்தது. என்ர கைக்கு எட்டினது ரெண்டே ரெண்டு. ஒண்டு நல்ல கனம், தடிச்ச இரும்பு, உள் விளிம்பெல்லாம் மடிச்சு விட்டிருந்தது. பாக்க ஒரு வடிவும் இல்லை. மற்றது மெல்லிசு. விரலால தட்டினால் பிஸ்கற் ரின் மாதிரிச் சத்தம் கேட்டுது. ஆனால் முன்னுக்குச் சிவப்பில நம்பர் எரியும், அதோட பூட்டு இருக்குது. திறப்பைத் திருப்பினால் கீபோர்ட் வேலை செய்யாது, பெட்டி மூடியும் கழராது. எவன் வந்து குத்தினாலும் ஒரு எழுத்தும் விழாது. விலை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

அண்ணை மெல்லிசு பெட்டிக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாத்தார். "தம்பி, உந்த விளிம்பு கையை அறுக்கும். மற்றதை எடும். அது கன காலம் இருக்கும்."

"இதில பூட்டு இருக்குது அண்ணை."

அவர் சிரிச்சார். "ஆருக்குப் பயந்து பூட்டப் போறீர்?"

"வீட்டில ஆறு பேர் இருக்கினமே" எண்டன்.

ஆறு பேரில அவரும் ஒருத்தர். அது எனக்கு அந்த நேரம் உறைக்கேல்லை. சத்தியமாய் உறைக்கேல்லை. அவருக்கு உறைச்சிருக்கவேணும். ஆனாலும் திரும்பி வரேக்க ரியூப் ரெயினில பெட்டியை மடியில வச்சுக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தவர் அவர்தான். பெட்டியோட தந்த ஸ்குரூப் பையையும் தன்ர கோட்டுப் பொக்கற்றுக்குள்ளதான் வச்சுக்கொண்டு வந்தார்.

அண்டைக்குப் பின்னேரமே சாமானை எல்லாம் பெட்டிக்குள்ள பூட்டத் தொடங்கினன். அவர் ரோர்ச் பிடிச்சார். சொன்ன மாதிரியே விளிம்பு அறுத்துப் போட்டுது, எனக்கில்லை, அவருக்கு. நல்ல வெட்டு. கோப்பை கழுவிக் கழுவி ஊறின கை, தோல் அப்பிடியே பிரிஞ்சு வந்தது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" எண்டு கைலேஞ்சியைச் சுத்திக்கொண்டு திரும்பியும் ரோர்ச்சைப் பிடிச்சார். மெசின் உயிர் பெற்று, பச்சை எழுத்து மொனிற்றரில ஓடேக்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையள் மாதிரிக் கை தட்டினம். அவர் முன்னுக்கு வந்து கீபோர்ட்டில விரல் பத்தையும் வச்சார். பழகின ஆள் வைக்கிற மாதிரி, ஒரு வரிசையாய், மெதுவாய்.

"தொடாதேங்கோ அண்ணை, ரத்தம் பிரளும்" எண்டன். சொல்லிப்போட்டுத் திறப்பைத் திருப்பிப் பூட்டி, என்ர பொக்கற்றுக்குள்ள போட்டன். அவற்ற கண்ணுக்கு முன்னால. சீ, எனக்கு வந்த புத்தியைப் பாருங்கோ!

ரெண்டு கிழமை போயிருக்கும். ஒரு காலமை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க, அண்ணை கையில பத்துப் பன்ரெண்டு தாளோட வந்து நிண்டார். அவர் வந்து நாலு வருஷம் முடிஞ்சிருந்தது. நாலு வருஷம் முடிஞ்சால் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். சொலிசிற்றருக்கு முழுக் கதையையும் எழுதிக் குடுக்க, கையெழுத்து வேண்டாம், ரைப் அடிச்சுக் கொண்டு வாங்கோ எண்டு திருப்பி அனுப்பியிருக்கினம்.

"தம்பி, உம்மட மெசினில இதை ஒருக்கால் அடிக்கலாமோ? நானே அடிப்பன். கச்சேரியில இருபது வருஷம் அதுதான் வேலை."

எனக்குச் சோதனை வேலை தலைக்கு மேல இருந்தது. அதை விட, அவர் இருந்து எதையாவது அழிச்சுப்போட்டால் எண்ட பயம். "அசைன்மென்ற் முடியட்டும் அண்ணை. பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டு ஓடினன். பத்து நாள் கழிச்சு அவர் இன்னொருக்கால் கேட்டார். "அவசரமோ?" எண்டன். அவர் தாளை மடிச்சுக் கோட்டுக்குள்ள வச்சார். "இல்லை, உம்மட படிப்பு கெடக்கூடாது" எண்டார். நான் அதைப் பிடிச்சுக்கொண்டு தப்பினன். மூண்டாம் தரம் அவர் கேக்கேல்லை.

பிறகு ரெண்டு மாசமாய் அந்தப் பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பெற்றோல் ஸ்ரேசனால வந்து பொக்கற்றுக்குள்ள கையை விட்டன். திறப்பு இல்லை. அடுத்த நாள் கடைசி அசைன்மென்ற் குடுக்கவேணும், எல்லாம் மெசினுக்குள்ள. கட்டிலைப் புரட்டினன். கோட்டு, காற்சட்டை, சப்பாத்து எல்லாம் உதறினன். ஊசியால குத்திப் பாத்தன், கத்தி முனையால திருப்பிப் பாத்தன். வாயில வராத தூசணம் எல்லாம் வந்தது. அண்ணை தன்ர கட்டிலில இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருந்தவர். எழும்பித் தன்ர சூட்கேசைத் திறந்தார். அவருக்கு மட்டும் வீட்டில ஒரு பூட்டும் இல்லை எண்டது அப்பதான் கண்ணில பட்டுது. உள்ளுக்கு இருந்த திருநீற்று டப்பாவைத் திறந்து, ஒரு சின்னத் திறப்பை எடுத்து, சாரத்தில துடைச்சு நீட்டினார்.

"இந்தாரும்."

வாங்கிப் பூட்டுக்குள்ள விட்டுத் திருப்பினன். திறந்துது.

"ரெண்டு திறப்பு வந்தது தம்பி. ஒண்டு ஸ்குரூப் பைக்குள்ள கிடந்து என்ர கோட்டுப் பொக்கற்றில விழுந்திட்டுது. பிறகுதான் கண்டனான். அதுக்குள்ள நீர் பூட்டிப் போட்டீர். கொண்டு வந்து தந்தால், திறந்து பாத்துப்போட்டுத்தான் தாறன் எண்டு நினைப்பீரோ எண்டு பேசாமல் வச்சிருந்தன்."

அவ்வளவு நாளும் திறப்பு அவரிட்ட இருந்திருக்குது. நான் ஷிப்டுக்குப் போய் நிண்ட எத்தினை பகல், அவர் இந்த அறையில தனிய இருந்திருப்பார். கடிதத்தை அடிச்சுப்போட்டு, திரும்பிப் பூட்டிப்போட்டு இருந்தால் எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

"அண்ணை, இருங்கோ. இப்பவே இருங்கோ. உங்கட கடிதத்தை அடியுங்கோ."

"அது அப்பவே போட்டாச்சு தம்பி. கடையில ஒருத்தரிட்டக் குடுத்து அடிப்பிச்சனான். அவருக்கும் வேலை கூட, கொஞ்சம் சுணங்கிப் போச்சுது." சூட்கேசை மூடினார். "மனுசிக்கும் சின்னவனுக்கும் கிடைக்குமாம். மூத்தவளுக்குத்தான் ஏலாதாம், பதினெட்டுக்குக் கீழ இருக்கவேணுமாம். நாங்கள் போட்ட அண்டைக்கு அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சு பதினொரு நாள்."

பதினொரு நாள். நான் அவரை இழுத்தடிச்சது அதை விடக் கூட.

"ஏன் அண்ணை என்னட்டச் சொல்லேல்லை?" எண்டு கத்தினன். ஆரிட்டக் கோவம் எண்டு தெரியாத கோவம்.

"கேட்டனான்தானே தம்பி" எண்டார். கீழ போய்த் தேத்தண்ணி போட்டு, எனக்கும் ஒரு கப் கொண்டு வந்து வச்சார். நான் அதைக் குடிக்கேல்லை.

அண்டைக்கே அந்தப் பூட்டின்ர வயரைப் பிடுங்கி எறிஞ்சன். துலைஞ்ச திறப்பும் பிறகு என்ர கோட்டு லைனிங்குக்குள்ள அகப்பட்டுது. அசைன்மென்ற்றைக் குடுத்தன், பாஸ் பண்ணினன், அந்தப் படிப்பாலதான் பிறகு வேலையும் கிடைச்சுது. "எப்ப வேணுமெண்டாலும் இருந்து அடியுங்கோ அண்ணை" எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். "ஓம் ஓம், பாப்பம்" எண்டுவார். ஒருநாளும் இருக்கேல்லை. ஆர்ச்வே முருகனிட்டப் போய் மகளின்ர பேரில அர்ச்சனை செய்து, திருநீறு கொண்டு வந்து எனக்கும் தருவார். அதை வாங்கிப் பூச எனக்கு நெத்தி கூசும்.

அடுத்த வருஷம் மனுசியும் மகனும் வந்து இறங்கிச்சினம். சாமான் தூக்க ஆள் வேணும் எண்டு அண்ணை கூப்பிட, நானும் ஹீத்ரோவுக்குப் போனன். வெளியில வந்த மனுசி அண்ணையைக் கண்டதும் அழேல்லை. அவருக்குப் பின்னால, தனக்குப் பின்னால எண்டு மாறி மாறித் திரும்பிப் பாத்தா. மூண்டாவது ஆள் எங்கையோ நிக்கிற மாதிரி. சின்னவன் தகப்பனை அடையாளம் தெரியாமல் தாயின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

பிறகு அவ என்னட்ட வந்தா. என்ர ரெண்டு கையையும் பிடிச்சா.

"நீங்கள்தானே அந்தத் தம்பி? இவர் எழுதினவர், அறையில ஒரு தம்பி கொம்பியூட்டர் வச்சிருக்கிறான், அவன் எல்லாத்தையும் அடிக்க விடுவான், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ எண்டு. நாங்கள் அங்க கொட்டிலுக்குள்ள இருந்து, நாலு பேரும் ஒண்டாய் இருக்கலாம் எண்டு நம்பினதே அந்தக் கடிதத்தாலதான். மூத்தவளுக்குத்தான் விதி இல்லை. நீங்கள் என்ன செய்வியள்? வெளிக்கிடேக்க அவள் சொல்லி விட்டவள், தான் அந்த அண்ணாவுக்கு நன்றி சொன்னதாய் மறக்காமல் சொல்லச் சொல்லி."

நான் அண்ணையைப் பாத்தன். அவர் குனிஞ்சு தள்ளுவண்டியில சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரேல்லை.

"ஓமப்பா" எண்டார். "தம்பிதான்."