எங்கள் வீட்டு சேர்வரும் அப்பாவின் பாஸும்

அண்ணா கனடாவுக்குப் போகும்போது எனக்கென்று விட்டுப்போனது ஒரு பழைய கொம்பியூட்டரையும் அதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கி விளையாட்டையும்தான். வெளியே உண்மையாகவே சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் பொடியன்கள் வீட்டுக்குள் இருந்து திரையில் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் இன்றைக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பொழுது சாயமுன்னமே எல்லாரும் கேற்றைப் பூட்டிக்கொள்ளும் ஊரில் பின்னேரங்களை வேறு எப்படிக் கழிப்பது? துறைமுகப் பக்கத்து வீடுகளில் இருந்து சிலர், கனடாவில் இருந்து அண்ணா, எல்லாரும் இன்ரநெற்றால் கூடும் இடமாக எங்கள் ஹோல் மூலையில் இருந்த அந்தப் பெட்டி மாறியது. விளையாட்டை நடத்தும் சேர்வர் அதுதான். அதைப் பார்த்துக்கொண்டவள் நான்.

அப்பாவுக்குச் சீனன்குடாவில் வேலை. படைக் காவலோடு எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற வளாகத்துக்குள் அவருடைய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். உள்ளே போகப் படம் ஒட்டிய பாஸ் வேண்டும். அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, விழுந்துவிடாமல் ஒரு ஊக்கும் குத்திக்கொள்வார். அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆள் தினமும் அந்தக் கேற்றால் போய் வருவது சின்ன விஷயமில்லை. எங்கள் வீட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பிழையாகச் சொன்னால் பாஸ் போய்விடும். பாஸ் போனால் சம்பளம் மட்டுமா போகும்? ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வியும் வீட்டோடு வந்து குடியிருக்கும்.

ஆகவே நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தேன். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றினேன். சேர்வரின் கடவுச்சொல்லை யாருக்கும் போனில் சொல்லமாட்டேன், நேரில் வந்து கேட்கவேண்டும். யாராவது ஊரை விட்டுப் போனால் அடுத்த நாளே புதுச் சொல். சொந்தப் பெயர் கூடாது, வீதிப் பெயர் கூடாது. விளையாட்டுக்கு நடுவில் நாட்டு நிலைமை பற்றி ஒரு வரி எழுதினாலும் ஆள் வெளியே. கேற்றில் நிற்கும் காவல்காரனைப்போல என்று பொடியன்கள் எனக்கு 'சென்ரி' என்று பட்டம் வைத்தார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஒரேயொரு வழிதான் மிச்சம் இருந்தது. கனடாவில் இருந்தபடியே எங்கள் கொம்பியூட்டருக்குள் நுழைந்து எதையும் மாற்றக்கூடிய ஒரு ஏற்பாட்டை அண்ணா போகுமுன் செய்துவைத்திருந்தான். (அவர் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கதைக்கு அவன் போதும்.) அதை மூடப்போகிறேன் என்று போனில் சொன்னேன்.

"என்னையே நம்பமாட்டியோ?"

"உங்களை இல்லை அண்ணா. வேற ஆரும் அதால உள்ளுக்க வந்தா?"

"பாஸ்வேர்ட் என்ர தலைக்குள்ள இருக்கு. ஒருத்தரும் வரமாட்டினம். நான் பார்த்துக்கொள்ளுறன்."

கூடப் பிறந்தவனிடம் அதற்கு மேல் என்ன கதைப்பது? விட்டுவிட்டேன். அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்த வழியால் அந்நியர் ஒருவரும் வரவில்லை.

விளையாடும் இடத்தை 'மேப்' என்பார்கள். கை வந்தவர்கள் புதிதாக ஒன்றைச் செய்தும் சேர்க்கலாம். என்னுடைய வேலைக் கரைச்சலால் ஒரு கிழமையாக சேர்வர் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் திறந்தால் பட்டியலில் புதிதாக ஒரு மேப். ஆங்கில எழுத்தில் 'அப்பாட கந்தோர்' என்று பெயர். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தை அப்படித்தான் சொல்லுவோம்.

உள்ளே போனேன். வீதி, கேற், சென்ரிக் கொட்டில், மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய தாங்கிகள், அப்பா சைக்கிள் விடுகிற வேப்பமரம். அவ்வளவு அழகாகச் செய்திருந்தான். ஒரு நிமிடம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது, பார்க்கிறவர்களுக்கு இது தாங்கிகளைத் தாக்க ஒத்திகை பார்ப்பதுபோல இருக்கும் என்று. ஒரு தாங்கியின் மேல் நின்று யாரோ ஒரு பொடியன் சுட்டுக்கொண்டிருந்தான். "மேப் சூப்பர், சென்ரி. கிழமை முழுக்க இதுதான் அடிக்கிறம்" என்று எனக்கு எழுதினான்.

அழித்தேன். அண்ணாவின் வழியையும் அடைத்தேன். பிறகு போன் எடுத்தேன்.

"அந்த இடம் ஞாபகம் வந்திச்சு. குளிருக்குள்ள அடைஞ்சு கிடந்து செய்தனான். விளையாட்டுத்தானே."

"நீங்கள் குளிருக்குள்ள இருக்கிறியள். அப்பா அந்தக் கேற்றாலதான் போறார்."

"ஒண்டும் நடக்காது. சும்மா பயப்பிடாத."

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர், எங்களோடு விளையாடும் பொடியன் ஒருவனின் தகப்பன், உங்கள் வீட்டு விளையாட்டில் எங்கள் தாங்கிகள் எல்லாம் இருக்கிறதாமே என்று பலர் முன்னால் கேட்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பின்னேரம் கேற்றில் அப்பாவை மறித்துப் பாஸை வாங்கிவிட்டார்கள். சொல்லியனுப்பும் வரைக்கும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அடுத்த நாள் விசாரணைக்கென்று இரண்டு பேர் வந்து, மரியாதையாகத் தேத்தண்ணி குடித்து, கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதை யார் பாவிக்கிறது என்று கேட்டார்கள். அப்பா என்னைக் காட்டினார்.

அண்ணாதான் செய்தது என்று அப்பாவிடம் முதலே சொல்லியிருந்தேன். அவருக்கு அது விளங்கவில்லை. அன்று பின்னேரமே அண்ணாவுக்கு போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"தம்பி, நீதான் செய்ததெண்டு இவள் சொல்லுறாள்."



"கொம்பியூட்டர் அங்கதானே அப்பா இருக்கு. நான் இஞ்ச இருந்து என்னெண்டு செய்யிறது?"

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. படாமல் என்ன செய்யும்? ஒரு வீட்டில் எது அகப்பட்டாலும் அந்த வீட்டு ஆட்கள் என்று பொலிஸில் பதிந்தவர்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று ஊரே பழகியிருந்த காலம். அந்தப் பதிவில் அண்ணாவின் பெயரை அவன் போன கையோடு வெட்டியாயிற்று. மிச்சம் இருந்த மூன்று பேரில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கொம்பியூட்டரைப் போடவே தெரியாது. மற்றது நான்.

"அண்ணா, சொல்லுங்கோ" என்றேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். "சரி பிள்ளை. தெரியாமல் செய்திட்டாய். இதோட விடுவம்."

"ஓம் அப்பா" என்றான் அண்ணா. "அவள் சின்னப்பிள்ளை. ஏசாதையுங்கோ."

பாஸ் திரும்பி வரவில்லை. அப்பா கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு ஒரு சாமான் கடையில் கணக்கு எழுதப் போனார். அண்ணா பணம் அனுப்பினான். வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அதைச் சொல்லிச் சந்தோஷப்படுவார். அவர் இருந்த வரைக்கும் அந்த விஷயத்துக்காக ஒரு நாளும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.