அவள் லேசில் சொல்லாத சொல்

முத்துப்பேச்சி தட்டில் கை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள். வலது கை காயை அளையும், இடது கை பிரிக்கும். நல்ல பச்சை ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம். சிலமலையிலிருந்து காலை பஸ்சில் வந்து, போடியில் எட்வர்டின் ஏலக்காய்க் கடையில் இருபத்தாறு வருசமாக இதே சோலி. வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பாள், ஏலக்காய் மட்டும் போட மாட்டாள். கஞ்சி ஊத்துற சாமானைத் திங்கக் கூடாதாம்.

வெளிறிய காய்க்கு இந்த ஊரில் பெயர் ‘டல்’. இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சொல்தான், போடியில் அதற்கு ஓய்வே கிடையாது. ஏலத்தில் விலை இறங்கினால் மார்க்கெட்டு டல், டீயில் டிகாசன் குறைந்தால் டல், போட்டோவில் சிரிக்காத மாப்பிள்ளையும் டல். முத்துப்பேச்சி மட்டும் அதை லேசில் வாயில் எடுக்க மாட்டாள். மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்த எட்வர்ட் ஒருநாள், அந்தச் சொல் முதலில் புத்தி மந்தமான ஆளைத்தான் குறித்தது, நிறத்துக்கு வந்ததெல்லாம் பிற்பாடு என்று விளக்கினார். அவள் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“அப்ப மொதல்ல காயைத் திட்டல மொதலாளி. பாக்குற ஆளைத்தான் வஞ்சிருக்காக.”

அவளுடைய அருமை போன மாதம்தான் எட்வர்டுக்கு முழுசாகப் புரிந்தது. மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மொக்கச்சாமி ஒரு மூட்டையோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அதுவரை பச்சைக்காயாகவே அடுத்தவருக்கு விற்றவர், இந்த வருசம் சொந்தமாக உலர்த்தும் அறை கட்டி, முதல் தடவையாக அவரே காயவைத்திருந்தார். நிறம் போயிருந்தால் அறையைப் பூட்டிவிட்டுப் பழையபடி பச்சைக்காய் விற்கப் போவதாகச் சொன்னார்.

எட்வர்ட் அப்போதுதான் ஒரு பெரிய எஸ்டேட் காயைப் பார்த்து முடித்திருந்தார். கண்ணைப் பறிக்கும் பச்சை. அதே கண்ணோடு இந்த மூட்டையில் கைவிட்டு அள்ளியவர், உதட்டைப் பிதுக்கி, சீட்டில் ‘டல்’ என்று எழுதி மூட்டை வாயில் செருகினார். மொக்கச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

முத்துப்பேச்சி எழுந்து வந்தாள்.

“அந்தக் காயைப் பாத்த கண்ணுக்கு எதுவும் டல்லாத்தான் தெரியும். செத்த நேரம் சுவத்தைப் பாருங்க மொதலாளி.”

வெள்ளையடித்த சுவரைப் பார்த்து முதலாளியையே நிற்கவைத்துவிட்டாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். அதற்குள் வாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியை விரித்து மூட்டையைச் சரித்தாள். எட்வர்ட் திரும்பிப் பார்த்தால், பச்சை. பளபளப்பில்லாத, அடங்கிய, நல்ல பச்சை. தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டதில் அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

முத்துப்பேச்சி விடவில்லை. ஒரு மணி நேரம் அளைந்து, நிஜமாகவே வெளிறிய காயாக இரண்டு கைப்பிடி பிரித்தெடுத்தாள். அதில் ஒன்றை நசுக்கி முகர்ந்தாள்.

“அண்ணே, உங்க அறையில ஒரு மூலையில மட்டும் சூடு தூக்கலா ஏறுது. இது அந்த மூலைக் காய்.”

அடுப்போரத்தில் தகரம் வளைந்துகிடப்பதை மொக்கச்சாமி யாரிடமும் சொன்னதில்லை. மலையேறிப் பார்க்காத அறையை இரண்டு கைப்பிடிக் காய்க்குள் பார்த்துவிட்டாளே என்று எட்வர்டுக்கு மெய்சிலிர்த்தது. கூலிக்கு உட்கார்ந்திருக்கிற பெண்ணா இவள் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறையைப் பூட்டவா, வேண்டாமா என்று மொக்கச்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் மூட்டை வாயில் செருகியிருந்த ‘டல்’ சீட்டை உருவி, அந்த இரண்டு கைப்பிடிக் காயின்மேல் வைத்துவிட்டு, தன் தட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.