கூரையா, டீச்சரா

கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை கிடைத்ததால் தென்காசிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, அரசு நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. அப்போதுதான் முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

ஐந்து வகுப்புகள் இருந்த பள்ளியில் தலைமை ஆசிரியையையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஏதோ ஒரு கம்பெனி தந்த நன்கொடை, பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் இருந்தது. அதிலிருந்துதான் எனக்குச் சம்பளம். குழுவில் பெரும்பாலும் பெற்றோர்கள். குழுத் தலைவியும் ஒரு தாய்தான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்துவந்தார். அவருடைய மகள் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள்.

அந்தப் பிள்ளை என்னிடம் வந்தபோது எழுத்துகளைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்ளும். மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். மெல்ல வாய் திறந்தது. ஒருநாள் தாய் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஊட்ல சும்மாவே கீறதில்ல. மசாலா பாக்கெட்டு, காலண்டரு, இன்னா கெடச்சாலும் சத்தமா படிச்சிகினே கீது. அவங்க அப்பனுக்கே பேப்பர் படிச்சிக் காட்டுது."

மழைக்காலம் முடிந்த சமயம் அது. காலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மேலே ஏதோ நெரிபடுகிற சத்தம் கேட்டு நான் நிமிர்வதற்குள் காரைக் கட்டி ஒன்று பெயர்ந்து அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவள் அழக்கூட இல்லை. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், ரத்தம்" என்றாள். தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஆட்டோவில் போகும்போது என் புடவை முழுக்க நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

கூரையில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது. பழுது பார்க்கச் சொல்லித் தலைமை ஆசிரியை ஏற்கெனவே மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. கையில் இருந்தது அந்த நன்கொடை மட்டும். கூரையைச் சரிசெய்தால் எனக்குச் சம்பளம் இருக்காது. எனக்குச் சம்பளம் கொடுத்தால் கூரை அப்படியே நிற்கும்.

வெள்ளிக்கிழமை மாலை குழு கூடியது. தீர்மானம் எழுதுவது எப்போதும் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக. அன்று தலைமை ஆசிரியை தயங்கியபடி, "நீங்க வேணா வெளிய இருங்கம்மா" என்றார். குழுத் தலைவி தடுத்தார். "இருக்கட்டும் மிஸ். அவங்களுக்குப் பின்னால போயி பேசுனா நல்லா இருக்காது."

ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பன்தான் எனக்காகப் பேசினார். "டீச்சர அனுப்சிட்டு மூணு கிளாஸ ஒண்ணா உக்கார வெச்சா புள்ளைங்க இன்னாத்த படிக்கும்? செவுத்தயா?"

கவுன்சிலரும் குழுவில் உறுப்பினர். அவர் போனைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணாத்தே, முதல்ல புள்ள உசுரோட இருக்கட்டும். கூரை வேலைக்கு நம்ம ஆளு ஒருத்தன் கீறான், சீக்கிரம் முட்ச்சிக் குடுப்பான்."

எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"தப்பா நென்ச்சிக்காதீங்க டீச்சர். எம் பொண்ணு இப்போ ராத்திரில திடுக்குனு எய்ந்து தலைய பொத்திக்குது. மறுபடி யாரு தலைலனா வுய்ந்தா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"சரிதாங்க" என்றேன். வேறென்ன சொல்வது? வகுப்பில் மற்ற பிள்ளைகளும் அந்தக் கம்பிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி கை தூக்கினார். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள், கடைசியில் ஆட்டோக்காரரும். தற்காலிக ஆசிரியையின் பணியை நிறுத்துவது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று நான் எழுதினேன். எழுத்து எப்போதும் போல அழகாகத்தான் வந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கவுன்சிலரின் ஆள் வந்தான். துருவைச் சுரண்டக்கூட இல்லை, மேலே சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனான். அடுத்த மழையிலேயே ஒழுகியது. அதன் பிறகு பொறியாளர்கள் வந்து பார்த்துக் கட்டடமே லாயக்கில்லை என்று எழுதிவிட, அதை இடித்துத் தள்ளினார்கள். புதுக் கட்டடம் இன்னும் வரவில்லை. சத்துணவுக் கூடத்தை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகையில் எல்லா வகுப்புகளும் ஒன்றாக நடக்கின்றன. முடிந்த பெற்றோர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் அந்தத் தாயையும் மகளையும் பார்த்தேன். பிள்ளை உயரமாக வளர்ந்திருந்தாள். நெற்றிக்கு மேலே முடி முளைக்காத தழும்பு. இப்போது நாலாம் வகுப்பு. என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டேன். அவள் அம்மாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"படிக்கிறதயே வுட்டுட்சி டீச்சர்" என்றார் தாய். "கொட்டாய்ல ஒரே கூச்சல். யாரு சொல்லிக் குடுக்கறா? புக்க தொறந்தா தலவலிக்குதுன்னு மூடி வெச்சிடுது."

நான் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேன். அவள் சிரிக்கவில்லை. தாய் கத்தரிக்காயைப் பொறுக்கத் தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க வோணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கைய தூக்கியிருக்க மாட்டேன் டீச்சர்."

குறை சொல்கிற குரல் இல்லை அது. அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். காய்க்காரர் தராசை நீட்ட, அவர் பையை விரித்துப் பிடித்தார். நான் விடைபெற்றுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.