கிளாரினெட்காரரின் மேல்வரிசைப் பல்

தனசிங் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுப் பின்போர்ஷனில் அறுபத்தெட்டிலிருந்து குடியிருந்தேன். மின்ரயில் பணிமனையில் ஃபிட்டர் வேலை முடிந்து வருவார், காபியை நின்றபடியே குடிப்பார், கிளாரினெட் பெட்டியோடு கிளம்பிவிடுவார். குப்புராஜ் மாஸ்டரின் பேண்டு செட்டில் முதல் கிளாரினெட் அவர்தான். கூடுவாஞ்சேரியில் கல்யாணம், பொழிச்சலூரில் சாவு, சர்ச் பவனி எதுவானாலும் முன்வரிசையில் நிற்பார்.

வெயிலில் ஊதினால் வாய் வறளும். வறண்டால் கிளாரினெட் கீச்சிடும். அதனால் அந்த செட்டில் ஒரு வழக்கம். பாட்டு நின்ற நேரமெல்லாம் முன்பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு பெப்பர்மிண்டை அடக்கிக்கொள்வார்கள். எச்சில் ஊறும். கல்யாணம் கல்யாணமாக அந்தச் சர்க்கரை பல்லில் என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் அவருடைய மேல்வரிசை முன்பல் மூன்று கறுத்து, உதடு வீங்கிவிட்டது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். வலி பொறுக்காமல் கேட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"நடந்தா பல்லு சரியாயிடுமா? தரைதான் தேயும்," என்றார் அவர் மனைவி ரத்தினபாய் அக்கா.

நான்தான் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காப்பாற்ற வழியில்லையா என்று டாக்டரிடம் இங்கிலீஷிலேயே கேட்டேன். எங்கள் வம்சத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் நான். வேரில் சீழ் வைத்துவிட்டது, பிடுங்கத்தான் வேண்டும், ஈறு ஆறி செயற்கைப் பல் கட்ட மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கிளாரினெட்டின் வாய் மேல்பல்லில்தான் ஊன்றி நிற்கும். குருத்தோலை ஞாயிறு பவனியோ நெருங்கிவிட்டது.

"பல்லு போச்சுன்னா நான் வெறும் ஃபிட்டர் தம்பி," என்றார்.

ஆனால் வீக்கம் கண்வரை ஏறியபோது அவரே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப்போய் வாயைத் திறந்து காட்டினார். மூன்றையும் பிடுங்கினார்கள்.

சேதி கேட்டுக் குப்புராஜ் மாஸ்டர் வந்தார். சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"இன்னா தன்சிங்கு, வாசக்கதவு தொறந்து கீது? பேசாம டிரம் எடுத்துக்கோ. ஊதறதுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

"பவனிக்கு நான்தான் ஊதுவேன் மாஸ்டர்."

"காத்துதான் வரும். ஜனங்க சிரிக்கும்ப்பா."

காற்றுதான் வந்தது. ஈறு கொஞ்சம் ஆறியதும் ஊதிப் பார்த்தார், புஸ்ஸென்றது. பெட்டியை மூடினார், ரயில்வே கேட்வரை நடந்தார், திரும்பி வந்து மறுபடி திறந்தார். தினமும் இதேதான். ஒரு சாயங்காலம் கனத்த, தாழ்ந்த ஒரு ஒலி கேட்டு எட்டிப் பார்த்தேன். மேலுதட்டை உள்ளே மடித்து ஈறை மூடி, அதன்மேல் கிளாரினெட்டை ஊன்றியிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. மேல் சுரங்கள் மட்டும் நிற்காமல் நழுவின.

பவனியன்று முன்வரிசையில் போய் நின்றுவிட்டார். மாஸ்டர் முறைத்தார், ஆனால் அதற்குள் ஜனம் நகர்ந்துவிட்டது. நான் பக்கத்திலேயே நடந்தேன். ஓசன்னா பாட்டில் மெட்டு மேலே ஏறும் இடத்தில், அண்ணன் கீழே இறங்கி அதே மெட்டைத் தாழ்ந்த ஸ்தாயியில் வாசித்தார். குருத்தோலை பிடித்த கூட்டத்தின் குரல் மேலே போக, இவருடையது அடியில் ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சர்ச் வாசலில் மாஸ்டர் வந்து, "இன்னாத்துக்குக் கீழயே வாசிச்சுக்கினு வந்தே?" என்றார்.

"மேல அவங்க பாடுறாங்களே. அங்க எனக்கென்ன வேலை?"

மாஸ்டர் அவர் வாயை உற்றுப் பார்த்தார். "பெருங்களத்தூர்ல கல்யாணம் கீது, ஈஸ்டர் முடிஞ்ச வியாழக்கிழமை. வந்துரு. அங்க எவனும் பாட மாட்டான், யோசிச்சுக்கோ."

அண்ணன் தலையாட்டியபடியே சட்டைப்பையிலிருந்து பெப்பர்மிண்ட் பொட்டலத்தை எடுத்தார். பவனியில் கூட வந்திருந்த ரத்தினபாய் அக்கா கையை நீட்டினார். அண்ணன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவர் விரல்கள் காலியான சட்டைப்பையைத் தடவிக்கொண்டேயிருந்தன. உதடு மடிவதும் விரிவதுமாக இருந்தது. அந்த வியாழக்கிழமைக்குள் மேல் சுரம் வந்தாக வேண்டும்.