எல்லா வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர்

போக வேண்டியது கடைசி வீடு. ஆனாலும் பாக்கியவதி, பழைய சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஊரிகம் லைனில் முதல் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறார். "இன்னா மாலா, கொயந்தைக்கு ஜுரம் நின்னுச்சா?" என்று கேட்டபடி உள்ளே போய் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். அடுத்த வீட்டில் தெலுங்கில் மூட்டுவலிப் பேச்சு. அதற்கடுத்த வீட்டில், தொட்டியை மூடி வைக்காததற்குக் கன்னடத்தில் ஓர் அதட்டல். ஏறி இறங்கிக் கடைசி வீட்டுக்கு வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிடுகிறது. அங்கே மட்டும் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை கைமாறுகிறது.

அது தொழுநோய்க்கான மாத்திரை. சுகாதார நிலையத்தில் சும்மாவே தருகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். ஆனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நோயாளிகள் வாங்கப் போக மாட்டார்கள். அவர்களுக்காகச் சுமந்து வரும் தன்னார்வலர் பாக்கியவதி. "ஒரு வூட்டுக்கு மட்டும் போனா, காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். எல்லா வூட்டுக்கும் போனா, நான் சும்மா ஊர்வம்பு பேசறவ. பேசிட்டுப் போறாங்க."

எல்லா வீட்டுக்கும் போகிற இவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. "வந்தா, இவங்களுக்கும் அதானான்னு கேப்பாங்க. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?" கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பவ்யா பொங்கலுக்கு வந்தாலும் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறாள். அம்மாவின் வேலை அவள் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் டிவி எந்நேரமும் ஓடுகிறது. பாக்கியவதி அதைப் பார்ப்பதில்லை. சமையலறையில் இருந்துகொண்டு, செய்தி வாசிப்பவருக்கு அவ்வப்போது பதில் சொல்கிறார்.

அவரிடம் மாத்திரை வாங்கியவர்களில் ஒருவனான ரூபேஷைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னது ரூபேஷ்தான், பெங்களூர் ரயிலில். அது அவனுடைய உண்மைப் பெயர் அல்ல. மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் அவன் முகம் கறுத்துப்போனது. அந்த மருந்து அப்படித்தான் செய்யும். வேலையிடத்தில் கேள்வி மேல் கேள்வி. அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். பாக்கியவதி தேடி வந்தபோதெல்லாம் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னான்.

ஒரு நாள் காலை, ரயில் ஊரிகத்திலிருந்து நகரும் நேரத்தில் அவரும் ஏறினார். நிற்க இடமில்லாத கூட்டம். கதவோரம் நின்ற ரூபேஷ் அவசரமாகக் கிசுகிசுத்தான்.

"அக்கா, இங்க வாணாம். தெரிஞ்சவங்க இருக்காங்க."

"நான் உன்னாண்ட பேச வரலப்பா. பங்காருப்பேட்டைக்குப் போறேன்," என்று சத்தமாகச் சொன்னவர், வெளியே பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "மூஞ்சி கறுத்தா வெளுத்துடும். விரல் மடங்கிப் போச்சுன்னா நிமிராது. உன் இஷ்டம்."

பங்காருப்பேட்டை வந்தது. இறங்கும் நெரிசலில் அட்டை அவன் சட்டைப்பைக்குள் போனது. அவர் பிளாட்பாரத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும்போதுதான் அவன் முதல் மாத்திரையை விழுங்கினான். அதன்பின் நிறுத்தவில்லை. விரல்கள் தப்பின. மருந்து முடிந்தபின் முகமும் மெல்லத் தெளிந்தது.

"அக்காவக் கல்யாணத்துக்குக் கூப்புடலண்ணா," என்றான் என்னிடம். "யார் இவங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?"

போன மாதம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பாக்கியவதியோடு நடந்துகொண்டிருந்தேன். எதிரே ரூபேஷ், புது மனைவியோடு வந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் அவன் நடை தடுமாறியது. வணங்குவதா, விலகுவதா என்று அவன் தவிப்பது எனக்கே தெரிந்தது. அதற்குள் பாக்கியவதி பக்கத்துப் பாத்திரக்கடை பக்கம் திரும்பி, ஒரு எவர்சில்வர் குடத்தைக் கையிலெடுத்து, அதன் அடிப்பாகத்தில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் இருவரும் தெருமுனை திரும்பும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.