இணைச்சீர்க்காரி

மாமா செத்துப்போன வெள்ளிக்கிழமை, மாமா எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். செத்தது டிவியில். அத்தை நடித்த தொடரில் அவளுக்குப் புருஷனாக வந்தவர் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். நிஜப் புருஷனான மாமாவோ, "பாவம், நல்ல மனுசன்" என்று அவருக்காக வருத்தப்பட்டுவிட்டு அடுத்த போண்டாவுக்குக் கை நீட்டினார். டிவிக்குள் அத்தை வளையல்களைச் சுவரில் மோதி உடைத்தாள். நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழித்தாள். எட்டு வயசுக்காரியான எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா எழவு காட்றானுக பாரு" என்று திட்டிக்கொண்டே அம்மா மூக்கைச் சிந்தினாள்.

அத்தையின் கதை எனக்கு மனப்பாடம். கோயமுத்தூர் கணபதியில் அப்பாவும் அத்தையும் வளர்ந்த வீடு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்ததாம். கீழே மெஷின் கத்த, அதற்கு மேல் கத்தித்தான் அத்தை வசனம் படித்தாளாம். அதனால்தான் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் குரல் போகிறது என்று அப்பா பெருமையடிப்பார். பள்ளிக்கூட ஆண்டு விழா, அப்புறம் கோயமுத்தூரில் ஒரு நாடகக் குழு, அப்புறம் சென்னை மேடை, கடைசியில் டிவி. மேடையில் ராணியாக நின்றவளை, டிவியில் முதல் இரண்டு வருஷம் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரி ஆக்கிவிட்டார்கள். அத்தை அதையும் விடவில்லை. இந்த வீட்டாரை எனக்குப் பிடிக்காது என்பதை டம்ளரை வைக்கிற விதத்திலேயே காட்டிவிடுவாள். அப்படி ஏறி ஏறித்தான் கதாநாயகனுக்கு அம்மா ஆனாள்.

அந்த மாதமே சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண் உடுமலைப்பேட்டைப் பக்கம், தோப்புக்காரர்கள். எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று, கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறு முனையை அவன் பிடிப்பான். கழுத்தில் தாலி இருக்கிறவள்தான் அதைச் செய்யலாம். அந்த நேரத்தில் அவளுக்குக் கிடைக்கிற மரியாதை மணப்பெண்ணுக்கே கிடையாது. அத்தை சித்தப்பாவைவிடப் பத்து வயது மூத்தவள், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், ஒரே அக்கா. "கதையில என்னையக் கொன்னாலும் சரி, என்ற தம்பி இணைச்சீருக்கு மூணு நாளு லீவு வேணும்னு சொல்லிப்போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து இறங்கினாள். அதற்கென்றே எடுத்த பட்டுச்சேலையை வந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டினாள்.

முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் பெண் வீட்டுப் பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை டிவியில் வருகிறவள் என்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பார்ப்பது வேறு சேனலாம். எனக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. உடனே ஒரு துண்டைச் சேலையாகப் போட்டுக்கொண்டு, லாரி மோதியதிலிருந்து ஆரம்பித்து மொத்தத்தையும் நடித்துக் காட்டினேன். என் கண்ணாடி வளையல் இரண்டை நிஜமாகவே தூணில் அடித்து உடைத்தேன். "எங்கத்தைக்குத் தாலி அறுத்தாச்சுங்க. இனிமே கதை முச்சூடும் வெள்ளைச் சேலைதானுங்க" என்று முடித்தேன். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. என் நடிப்பில் மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அத்தை அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு தலை நிறையப் பூவோடு அறையை விட்டுக் கிளம்பக் கதவருகே வந்தாள். நான் தாம்பாளத்தோடு பின்னால் நின்றேன். கதவுக்கு வெளியே பேச்சுக் கேட்டது. பெண்ணின் பெரியம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நடிப்புன்னு தெரியாம இல்லீங்க. ஆனா பொட்டழிச்சதை ஊரே பாத்துப்போட்டுதுங்களே. அந்தக் கையில எங்க புள்ளையோட கூறையக் குடுக்க மனசு வர மாட்டேங்குதுங்க. ஒண்ணுவிட்ட அக்கா யாராச்சும் இருந்தா..."

"அவ புருசன் அங்க பந்தியில உக்காந்து இட்லி தின்னுட்டு இருக்காருங்க!" என்றார் அப்பா.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் நின்ற சித்தப்பா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எங்கக்கா புடிக்காத கூறைய நானும் புடிக்க மாட்டேனுங்க. வேண்டாம்னா சொல்லுங்க, வண்டியக் கெளப்பிட்டு ஊட்டுக்குப் போறோம்." பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பக்கத்து அறையில் மணப்பெண் அழ ஆரம்பித்தாள்.

என் தோளில் இருந்த அத்தையின் கை ஒரு தடவை இறுகியது. பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்து, எதுவுமே கேட்காதவளாட்டம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி மேடையை நோக்கி நடந்தாள். மூன்றாவது படியில் கால் வழுக்கியது.

அம்மாடி, என்ன விழுகை! மண்டபமே எழுந்து நின்றது. அத்தை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறலில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் அறையில் படுக்க வைத்தார்கள். காலுக்குத் துணி சுற்றினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லாமல், அப்பாவுடைய பெரியப்பா மகள் இணைச்சீருக்கு நிற்பது என்று ஆயிற்று. சித்தப்பா மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை.

"போச்சாது உடு தம்பி. அவளும் உனக்கு அக்காதான. நல்ல நேரம் போகுது, போ சாமி" என்று அத்தை முனகிக்கொண்டே அவனைப் பிடித்துத் தள்ளினாள்.

எல்லோரும் போன பிறகு அத்தை கட்டிலை விட்டு எழுந்தாள். நேராக நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள். நொண்டல் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பினால் மூலையில் தாம்பாளத்தோடு நான்.

"கால் நல்லாத்தான இருக்குதுங்கத்தை?"

அத்தை என் வாயைப் பொத்தினாள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. உங்க சித்தப்பனுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னு போயிரும்."

எனக்குத் தலை சுற்றியது. கேமரா இல்லை, லைட் இல்லை, ஒத்திகை இல்லை. ஐந்நூறு பேரை, நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பெரியவர் உட்பட, ஒரே ஒரு விழுகையில் நம்ப வைத்துவிட்டாள். இது உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரியும். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

இணைச்சீர் நடந்தபோது அத்தை முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேடையில் பெரியப்பா மகள் கூறையின் முனையைப் பிடித்தாள். இங்கே அத்தையின் விரல்கள் தன் பட்டுச்சேலையின் ஓரத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தன. வலியைக் காட்டுவதற்கு எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறாள் என்று வியந்தேன்.

சீர் முடிந்ததும் சித்தப்பா நேராக மேடையிலிருந்து இறங்கி வந்தான். அத்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணி சுற்றிய காலைத் தொட்டான்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

அத்தை அவன் தலையில் கையை வைத்தாள். உதடு கோணியது. "வலிக்குது தம்பி" என்றாள். அவ்வளவுதான், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பெண்ணின் பெரியம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிவியில்கூட அத்தை இவ்வளவு நன்றாக அழுததில்லை. சத்தியம் செய்திருந்ததால் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.